தளை தட்டுதுன்னு எப்படிச் சொல்ல? இல்ல ‘அருமை’ன்னு விட்டிரலாமா?

படித்துறை:
நெல்லையில மரபுக்கவிதை பழகுற வாட்ஸ்அப் குழு. காலேஜ் முதல் வருஷப் பிள்ளை ஒண்ணு இந்தக் குறள் வெண்பாவைப் போட்டிருக்கு:

தாமிர பரணிக் கரையில் நடந்தாலே
பாடல் பிறக்கும் தானே

கீழ வரிசையா ‘அருமை’, கைதட்டு, பூங்கொத்து. தளை தட்டுது, அதாவது ஒரு சீரும் (பாட்டோட சொல்துண்டு) அடுத்த சீரும் வெண்பா விதிப்படி ஒட்டல. சொன்னா முகம் வாடிரும். சொல்லலைன்னா அடுத்ததும் இப்படித்தான் வரும். நம்ம ஊர் வாய் வேற, ‘என்னவே இது, வெண்பாவா வெந்நீரா’ன்னு யாராவது ஆரம்பிச்சிருவாங்க. எப்படிச் சொல்லணும், எங்க வச்சுச் சொல்லணும்?

பாளை வாத்தியார்:
முதல்ல எண்ணுங்க அண்ணாச்சி. ஏழு சீர், ஆறு தளை. நாலு சுத்தமா வந்திருக்கு. தட்டுறது ரெண்டே இடம். புள்ளி எழுத்தை விட்டுட்டுப் பாத்தா, ஓரெழுத்து அசை நேர், குறில்ல தொடங்குற ஈரெழுத்து அசை நிரை. ‘தாமிர’ நேர்-நிரை, அதுக்குப் பேரு கூவிளம்; விளத்துக்குப் பின்னால நேர் வரணும், ‘பரணி’ நிரையில தொடங்குது. ‘பிறக்கும்’ நிரை-நேர், அதாவது புளிமா; மாவுக்கு அடுத்து நிரை வரணும், ‘தானே’ நேர்ல தொடங்குது. போதாக்குறைக்கு ‘தானே’ ஈற்றுச்சீராவும் நிக்காது. நாள், மலர், காசு, பிறப்புன்னு வெண்பாவோட கடைசிச் சீருக்குள்ள நாலு வாய்பாட்டுல ஒண்ணு வேணும். இங்க நிரையில தொடங்குற மலரோ பிறப்போதான் பொருந்தும்.

இதை அப்படியே எழுதுங்க: நாலு சரி, ரெண்டு தட்டுது, இன்ன இடம். இதுல நோக என்ன இருக்கு? நோகடிக்கறது ‘இது வெண்பாவே இல்ல’ங்கிற ஒத்தை வரி. எங்க தப்புன்னே அதுல இல்ல. ‘அருமை’யிலயும் இல்ல.

உண்மையில பிள்ளை மேல தப்பு கம்மி. தாமிரபரணியைச் சேர்த்து எழுதினா நாலசைச்சீர், வெண்பாவுக்கு ஆகாது. பிரிச்சா தட்டும். ‘தண்டா மிரபரணி’ன்னு வகையுளி போட்டு, அதாவது சொல்லை நடுவுல உடைச்சு, இறக்கலாம், வாயில இடிக்கும். பழைய பேரு ‘பொருநை’ இருக்கே, புளிமா. அதைச் சொல்லிக் குடுங்க.

ஈரடி:
எதுக்கு இவ்வளவு? மாத்தியே குடுத்திரலாம், எதுகையோட:

பொருநைப் படியில் துணிதுவைக்கும் ஓசை
இருகரையும் கேட்கும் கவி

குறுக்குத்துறை:
நல்லாருக்கு ஈரடி அண்ணாச்சி. ஆனா இது உங்க பாட்டு. நடந்தா பாட்டு வரும்னு பிள்ளை சொல்லிச்சு, நீங்க துணி துவைக்கப் போயிட்டீங்க. குழுவே உங்களைப் பாராட்டும், அந்தப் பிள்ளை அடுத்தது போடாது. இடத்தைக் காட்டுங்க, சொல்லை அது தேடட்டும்.

தளையை விடப் பெரிய குறை பொருள்ல இருக்கு. தாமிரபரணியை எடுத்துட்டு வைகையை வச்சாலும் இந்தப் பாட்டு நிக்கும். கரை மருத மரம் இல்ல, வெள்ளத்துல முங்குற முருகன் கோயில் இல்ல. ஆனா இதை இன்னைக்குச் சொல்லாதீங்க. ஒரு தடவைக்கு ஒரு குறை, மிஞ்சினா ரெண்டு. தளை கைக்கு வந்தப்புறம், ‘நடந்தப்ப என்ன பாத்தே?’ன்னு கேள்வியாக் கேளுங்க.

முதல் தடவை தனிச்செய்தியில. பிறகு அது சம்மதிச்சா குழுவில. தாமிரபரணிச் சிக்கல் எல்லாருக்கும் உதவும். குரல்பதிவு வேண்டாம். சீர் பிரிச்சு எழுத்துல போட்டாத்தான் திரும்பப் பாக்க முடியும்.

ஈரடி:
ரசிகமணி டி.கே.சி. வீட்டுல இலக்கியம் பேச வட்டத்தொட்டி கூடின ஊர்ல இத்தனை பயமா? டி.கே.சி. கம்பராமாயணத்துலயே பாட்டுகளை இடைச்செருகல்னு தள்ளினவர்.

பாளை வாத்தியார்:
தள்ளினது கம்பன் பேர்ல வந்ததை வே, முதல் வருஷப் பிள்ளை பாட்டை இல்ல. நல்ல பாட்டை வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லி ருசி காட்டினதும் அவர்தான்.

படித்துறை:
போடுறவங்களே மேல ‘திருத்தலாம்’, ‘வாசிக்க மட்டும்’னு எழுதணும்னு விதி வைக்கலாமா?

பாளை வாத்தியார்:
வையுங்க. ‘வாசிக்க மட்டும்’னா தளைப் பேச்சே கூடாது, நக்கீரர் வேஷம் கட்ட இங்க ஆளுக்குப் பஞ்சமில்ல. போடுறதுக்கு முன்ன அவலோகிதம்ங்கிற யாப்பு பாக்குற மென்பொருள்ல ஒட்டிப் பாக்கவும் சொல்லுங்க. தட்டுற இடத்தை அதுவே காட்டிரும், மனுஷன் வாயால கேக்க வேண்டாம். பொருளை மட்டும் அது பாக்காது.

ஈரடி:
அது சரி. என் பாட்டுல ரெண்டு அடியிலயும் பொழிப்பு மோனை (முதல் சீரும் மூணாஞ்சீரும் மோனையா வர்றது) இல்ல. ஒருத்தரும் சொல்லலியே? ‘நல்லாருக்கு’ன்னுட்டுப் போயிட்டீங்க.