ஏவுதலில் உயிர் காக்கும் எரிபொருள்: திண்மமா, திரவமா?

செங்குத்து:
ஏவுதலில் கோளாறு நேர்ந்தால் வீரர்களின் கலத்தை ராக்கெட்டிலிருந்து விலக்கிச் செல்லும் தப்பிப்பு எஞ்சின்களையும் அவற்றின் திரவ எரிபொருளையும் அந்தக் கலத்திலேயே பொருத்துவதுதான் நவீன வழி என்று இங்கே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1983 செப்டம்பர் 26 அன்று பைக்கனூர் ஏவுதளத்தில் சோவியத்தின் சோயுஸ் ராக்கெட் தீப்பற்றியபோது, தப்பிப்புக் கட்டளை செல்லும் கம்பிகளும் கருகிவிட்டன. வானொலி வழியே கட்டளை சேர்ந்ததும், கலத்தின் உச்சிக் கோபுரத்திலிருந்த திண்ம எரிபொருள் மோட்டார், வீரர்கள் தீத்தோவையும் ஸ்திரெக்கலோவையும் இழுத்துக்கொண்டு பறந்தது; அடுத்த சில நொடிகளில் ராக்கெட் வெடித்துச் சிதறியது. அத்தகைய அவசரத்துக்கு, வால்வும் அழுத்தமூட்டும் வாயுவும் தேவைப்படாத மோட்டாரே ஏற்றது.

நீள்வட்டம்:
ஏவுதளத்தில் சரி, அதற்கு மேலே? கோபுரத்தைப் பாதி வழியில் கழற்றி எறிந்துவிடுகிறோமே. 1975 ஏப்ரல் 5 அன்று சுமார் 145 கி.மீ. உயரத்தில் ராக்கெட்டின் அடுக்குகள் ஒழுங்காகப் பிரியாமல் போனபோது, வீரர்கள் லாசரெவையும் மக்காரொவையும் விடுவித்தது சோயுஸ் கலத்தின் சொந்தத் திரவ எஞ்சின்தான். நாசாவின் ஓரியன் கலத்தின் கோபுரம் ஏறத்தாழ 7 டன். எல்லாம் நல்லபடியாக நடக்கும் ஒவ்வொரு பயணத்திலும் அது வீணாகவே விழும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தில் பொருத்திய எட்டு சூப்பர்டிராக்கோ தப்பிப்பு எஞ்சின்களோ சுற்றுப்பாதை வரை உடன் வருகின்றன.

செங்குத்து:
உடன் வருவதுதான் சிக்கல், நண்பரே. 2019 ஏப்ரல் 20 அன்று தரைச் சோதனையில் ஒரு டிராகன் கலம் வெடித்ததைத் தாங்கள் குறிப்பிடவே இல்லை. அழுத்தமூட்டும் ஹீலியம் வாயுவின் குழாய்க்குள் முன்பே கசிந்து தேங்கியிருந்த, எரிபொருளை எரியவைக்கும் நச்சுத் திரவமான நைட்ரஜன் டெட்ராக்சைடு, அழுத்தம் ஏறியதும் சம்மட்டி போல டைட்டானியம் வால்வில் மோதித் தீப்பற்றியது. எஞ்சின்கள் எரியத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 100 மில்லிநொடி முன்பே, அதாவது காப்பாற்றும் வேலை தொடங்கும் முன்பே, கலம் போய்விட்டது. ஆளில்லாத சோதனை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. 2020 ஆகஸ்டில் கடலில் இறங்கிய டிராகனைச் சுற்றி அதே நச்சாவி தென்பட்டதால், கதவைத் திறப்பதையே தாமதப்படுத்தினார்கள்.

நீள்வட்டம்:
அந்த வால்வுகளுக்குப் பதிலாக, அழுத்தம் வந்தால் மட்டும் கிழிந்து வழிவிடும் தகடுகளைப் பொருத்திவிட்டார்கள். 2020 ஜனவரி 19 அன்று சோதனைக்காகப் பறந்த ராக்கெட்டிலிருந்து டிராகன் கலம் சிக்கலின்றிப் பிரிந்தது. பழுது கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டதை அந்த முறையின் மீதான தீர்ப்பாகக் கொள்ள முடியாது. திண்ம மோட்டாரைப் பற்றவைத்தபின் நிறுத்தவும் முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடைநிலை:
குறுக்கிடுகிறேன். 2018 அக்டோபர் 11 அன்று வீரர்கள் ஓவ்சினினும் ஹேகும் சென்ற சோயுஸில் கோபுரம் கழன்ற பிறகுதான் கோளாறு நேர்ந்தது. ஆனால் அவர்களை இழுத்துச் சென்றவை கலத்தைப் போர்த்தியிருக்கும் மூடுறையில் இருந்த திண்ம மோட்டார்களே. ஆகவே, கோபுரம் போனால் திண்ம எரிபொருளும் போயிற்று என்பது பிழை.

செங்குத்து:
அதேதான். அடர்ந்த காற்றைத் தாண்டிய பின் அவ்வளவு அவசர உந்துவிசை தேவைப்படுவதில்லை. அங்கே கலத்தின் வழக்கமான எஞ்சினே போதும். அப்பல்லோவிலும் அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்காக எட்டுப் பெரிய எஞ்சின்களைச் சுற்றுப்பாதை வரை சுமப்பானேன்?

நீள்வட்டம்:
இறங்கும்போதும் உதவும் என்பதால்தான். பாராசூட்டுகள் கைவிட்டால் சூப்பர்டிராக்கோக்களை எரித்து இறங்கும் ஏற்பாடு டிராகனில் இருப்பது 2024-இல் வெளியாயிற்று. தங்கள் கோபுரம் அந்நேரம் கடலடியில் கிடக்கும்.