டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது, நேரில் பார்க்க வழி?

கேள்வி:
நாடகம், கச்சேரி, நடனம் எதுவானாலும் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது. முதலில் காட்டும் விலை ஒன்று, பணம் கட்டும் பக்கத்தில் வேறொன்று. காரணம் என்ன? செலவைக் குறைக்க என்ன செய்யலாம்?

பதில் 1:
அடிப்படைக் காரணத்தை வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே விளக்கிவிட்டார்கள். இயந்திரம் வந்தால் தொழிற்சாலையில் ஒரே ஆள் பல மடங்கு பொருள் செய்வார். நால்வர் வாசிக்கும் இசைக்கு இன்றும் நால்வர்தான் வேண்டும், நேரமும் குறையாது. ஆனால் மற்ற தொழில்களில் சம்பளம் ஏறும்போது இவர்களுக்கும் ஏற்றியாக வேண்டும். அரங்கில் இருக்கைகள் கூடப்போவதில்லை. மானியமோ நன்கொடையோ ஈடுகட்டாவிட்டால் பாரம் டிக்கெட்டில்தான் இறங்கும். இதற்காகக் கலைஞர்களைப் பேராசைக்காரர்கள் என்பது நியாயமே இல்லை.

பதில் 2:
கடைசிப் பக்கத்தில் கூடுவது வேறு கணக்கு. சேவைக் கட்டணம் பெரும்பாலும் டிக்கெட்டுக்கு ஒன்று. ஆர்டர் கட்டணம் மொத்தத்துக்கு ஒன்று. நான்கு பேர் போவதானால் ஒரே ஆர்டரில் வாங்குங்கள். அரங்கின் கவுன்ட்டரில் நேரில் வாங்கினால் சேவைக் கட்டணம் இல்லாத இடங்களும் உண்டு, விசாரியுங்கள். அமெரிக்காவில் 2025 மே முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது விதி.

தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தை நம்பி வாங்காதீர்கள். அது மறுவிற்பனைத் தளமாக இருக்கலாம். சிலர் கையில் இல்லாத டிக்கெட்டையே விற்பார்கள். அரங்கின் சொந்தத் தளத்திலிருந்தே விற்பனைப் பக்கத்துக்குப் போங்கள். தேவைக்கேற்ப விலை மாறும் நிகழ்ச்சி என்றால் சனி, ஞாயிறை விட்டுவிட்டு வார நாளைப் பாருங்கள்.

பதில் 3:
மலிவான இருக்கையைக் கலைக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். நடனத்துக்கு முதல் வரிசை வேண்டாம். மேடை உயரமென்றால் பாதங்கள் மறையும். மேல்மாடியின் நடுப்பகுதி நல்லது, ஆடுபவர்கள் நிற்கும் அமைப்பு முழுசாகத் தெரியும். வாத்திய இசைக்குப் பக்கவாட்டு இருக்கை தாராளமாகப் போதும். பாடகருக்குப் பின்னால் மட்டும் வேண்டாம், சொற்கள் தெளிவாகக் கேட்காது. மாடிக்கு அடியில் கடைசி வரிசைகளில் ஒலி மங்கும். மேடைக்கு மேலே ஓடும் வசன வரிகளும் மறையலாம். 'பார்வை மறைக்கும் இருக்கை' என்று போட்டிருந்தால் எது மறைக்கிறது என்று கேளுங்கள்: கைப்பிடிக் கம்பியென்றால் வாங்கலாம், தூணென்றால் வேண்டாம்.

வியன்னா அரசு ஆப்பெரா (இசை நாடக) அரங்கிலும், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் ப்ராம்ஸ் (Proms) என்ற கோடை இசை விழாக் கச்சேரிகளிலும் நின்று பார்க்கக் குறைந்த விலை டிக்கெட் உண்டு.

கேள்வி கேட்டவர்:
டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது என்று காட்டினால்?

பதில் 3:
நிகழ்ச்சி நடக்கும் அன்றே கவுன்ட்டரில் கேளுங்கள். திருப்பிக் கொடுத்தவையும், கலைஞர்களின் விருந்தினருக்கு ஒதுக்கி மிஞ்சியவையும் கடைசி நேரத்தில் விற்பனைக்கு வரும். தனி ஆளாகப் போனால் கிடைக்க வாய்ப்பு அதிகம். இடையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒற்றை இருக்கைதான்.