கதையில் வந்த சூனியக்காரி: மனசை விட்டுப் போகாத காட்சி எது?

கித்தாக்காட்டுப் பெண்:
ஹேன்சல், கிரெட்டல் கதை எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் தம்பி பிள்ளைகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். சூனியக்காரிக்குக் கண் மங்கல், மோப்பம் பிடித்தே ஆளைக் கண்டுபிடிப்பாள் என்று வருமே, அந்த இடம். தின்பதற்காக அடைத்து வைத்த பையன் கொழுத்தானா என்று அவள் தொட்டுப் பார்க்கும்போது, விரலுக்குப் பதில் எலும்பை நீட்டி அவளை ஏமாற்றுவான். பிள்ளைகள் அப்படியே திரும்பிப் பாட்டியைப் பார்த்தார்கள். ஆயுசு முழுக்கப் பால்மரம் சீவியவர், இரண்டு கண்ணிலும் புரை. முறத்து அரிசியை விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சின்னவன் போய் ஓர் ஐஸ்கிரீம் குச்சியை அவர் கையில் வைத்தான். அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் கிழவிக்குப் பிள்ளை குட்டி யாரும் இல்லையாடி?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எந்தச் சூனியக்காரி கதையை எடுத்தாலும் அந்தக் கேள்விதான் முன்னால் நிற்கிறது.

பஸ் பயணி:
எனக்கு டிட்டூபா. ஆர்தர் மில்லரின் 'தி குருசிபிள்' நாடகம், 1953. ஈப்போ பஸ்ஸில் படித்தேன். காட்டில் ஆடி மாட்டிக்கொள்வது ஊர்ப் பெண் பிள்ளைகள், சூனியக்காரி என்ற பழி விழுவதோ பார்படோஸ் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைப் பெண் மேல். ஒப்புக்கொள், இல்லாவிட்டால் சாகும்வரை சாட்டையால் அடிப்பேன் என்கிறார் எசமானான பாதிரியார். தூக்கில் போடு என்கிறார் இன்னொருவர். அதுவரை மறுத்தவள் அந்த நொடியில் சாத்தானைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள். அடிக்குப் பயந்து, எசமான் கேட்க விரும்புவதைச் சொல்வது தோட்டத்துச் சனத்துக்குத் தெரியாததா? மேலே படிக்க முடியாமல் மூடிவிட்டேன். பாவம், நாடகம் நடக்கும் அமெரிக்காவின் சேலம் ஊரில் அத்தனை பேரையும் உயிரோடு எரித்தார்களே!

பரணிப் பித்தன்:
பயணி அண்ணே, எரிக்கவில்லை. 1692இல் சேலம் வழக்குகளில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், அதில் ஆண்களும் உண்டு. வழக்காட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். எரித்ததெல்லாம் ஐரோப்பாவின் பல நாடுகளில். நிஜ டிட்டூபாவும் ஒப்புக்கொண்டவள்தான், தூக்குக்குப் போகவில்லை.

என் அனுபவம் சின்னது. கலிங்கத்துப்பரணியில் இமயத்திலிருந்து வந்த முதுபேய் காளி முன்னால் இந்திரசாலம் காட்டும். வெறுங்கையில் யானைத் துதிக்கை தெரியும். பசித்த பேய்கள் தின்னப் பாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று விழும். எனக்குப் பயம் வரவில்லை, அந்தப் பசிதான் உறுத்தியது.

அப்புறம் தங்கச்சி, பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது கிழவி பேசும் இடத்தில் குரலைக் கரகரவென்று மாற்றாதீர்கள். பிள்ளை கதையை மறந்துவிடும், அந்தக் குரலை வைத்துத்தான் பக்கத்து வீட்டுப் பாட்டியை அளக்கும். கூடவே ருஷ்யக் கதைகளில் வரும் சூனியக்காரி பாபா யாகாவைச் சேருங்கள். கோழிக்கால் மேல் நிற்கும் குடிசை, பறப்பதற்கு உரல். நெருப்புக் கேட்டு வந்த வாசிலிசா என்ற பெண்ணை வேலை வாங்கியே வதைப்பாள், ஆனால் வேலை முடிந்ததும் கேட்ட நெருப்பைக் கொடுத்து அனுப்புவாள். 1900இல் வந்த ஓஸ் மந்திரவாதி நாவலில் வடக்குத் திசைச் சூனியக்காரி நல்லவள். அவள் கதாநாயகிச் சிறுமி டோரத்தியின் நெற்றியில் கொடுத்த முத்தத்தின் தடம்தான் வழியெல்லாம் காவல். இரண்டு வகையும் காதில் விழட்டும். படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம், பகலிலேயே வாசியுங்கள்.

கடைசி லயம்:
பித்தன் அண்ணே, அக்கா ஆலோசனை கேட்கவில்லை. பாட்டி கேட்டதற்கு உங்கள் கோழிக்கால் குடிசையில் பதில் இல்லை.

ஞாயிறு பதிப்பில் ஒரு சிறுகதை வந்தது. போமோ என்ற மலாய் மந்திரவாதியிடம் போய் மருமகளுக்குச் செய்வினை வைக்கிறவள், கடைசி லயத்து விதவை. எங்கள் கடைசி லயத்திலும் ஒரு விதவை இருந்தார். அடுத்து வந்த கோயில் திருவிழாவில் அவர் நீட்டிய சர்க்கரைப் பொங்கலை அம்மாவின் சிநேகிதி சிரித்தபடி வாங்கி, இலையோடு வேலி ஓரம் வைத்துவிட்டு வந்தார். கதை எழுதியவருக்கு அது தெரியாது. எனக்கு அந்த இலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அக்கா, ஹேன்சல், கிரெட்டல் கதையைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 முதல் பதிப்பில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்வது பெற்ற தாய். 1840 பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். தாயின் பெயர் கெடக்கூடாது என்று அவ்வளவு யோசித்தவர்கள், அடுப்பில் வெந்துபோன கிழவிக்கு யாராவது இருந்தார்களா என்று ஒரு வரி எழுதவில்லை. பாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். என்ன சொல்கிறார் என்று இங்கே எழுதுங்கள்.