எழுத்துத் திரை சர்வருக்குத் தொலைவிலிருந்து வரைகலை நுழைவு

ஐஸ்வாடி, மண்டபம்:
எங்கள் ஐஸ் கம்பெனிக் கணக்கு டெபியன் 12 (ஒரு லினக்ஸ் வகை) சர்வரில் ஓடுகிறது. கறுப்புத் திரை, கட்டளை வரி மட்டும். எனக்கு அதுவே சொர்க்கம். தொண்டியிலிருந்து கணக்கெழுதும் சித்தப்பாவோ மவுஸ் இல்லாமல் தொடவே மாட்டேன் என்கிறார். அவரிடம் விண்டோஸ் மடிக்கணினி. சர்வரின் நினைவகம் 2 ஜிபிதான். விடியற்காலையில் விசைப்படகுகள் கரை சேரும்போது அது திணறினால் ஐஸ் சீட்டு நின்றுபோகும், வசவு எனக்கு. எதை நிறுவலாம்?

கீழக்கரையான்:
க்னோம் என்ற கனமான வரைகலைச் சூழல் பக்கம் போகாதீர்கள் தம்பி, 2 ஜிபி அதற்குக் காலைப் பலகாரம். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வரைகலைச் சூழல், தொலைவிலிருந்து அதற்குள் நுழைய எக்ஸ்ஆர்டிபி, இரண்டும் போதும். சர்வர் வழக்கம்போல் எழுத்து முறையிலேயே எழட்டும். சித்தப்பா நுழையும்போதுதான் எக்ஸ்ஆர்டிபி அவருக்கென ஒரு திரையைத் தொடங்கும். அதனோடு இணைய விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் ஏற்கெனவே இருக்கிறது.

ஏர்வாடி நெட்:
எக்ஸ்ஆர்டிபியின் 3389 போர்ட்டை (இணைப்பு வாசலை) மட்டும் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் ஓயாமல் தட்டும். எஸ்எஸ்எச் என்ற மறைகுறியாக்கிய இணைப்பு வழியே சுரங்கம் போடுங்கள்: மடிக்கணினியின் 3390 சர்வரின் 3389க்குப் போகட்டும். ரிமோட் டெஸ்க்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட் (அதே மடிக்கணினி), 3390 என்று கொடுத்தால் போதும்.

ஐஸ்வாடி, மண்டபம்:
வேலை செய்கிறது, நன்றி. ஆனால் சித்தப்பா லாக் அவுட் செய்யாமல் ஜன்னலை மூடிவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுகிறார். அமர்வு நினைவகத்தை விடாமல் பிடித்திருக்கிறது. அவரைத் திருத்த என்னால் ஆகாது.

கீழக்கரையான்:
சர்வரைத் திருத்துங்கள். எக்ஸ்ஆர்டிபியின் அமர்வுகளைக் கவனிக்கும் செஸ்மன் அமைப்புக் கோப்பில், துண்டித்த அமர்வை முடித்துவிடும் ‘கில்டிஸ்கனெக்டட்’ என்பதை ட்ரூ ஆக்கி, அவகாசத்தை நொடிகளில் கொடுங்கள். முதலில் கணக்கைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.