பர்மாவில் மோட்டார் சைக்கிளுக்கு வீட்டிலேயே ஹெட்லைட், பிரேக் லைட் மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மோல்மேன் வாசி:

இரண்டு மாதமாக மனதில் உறுத்திக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன். என் வண்டி கென்போ 125. அதன் ஹெட்லைட் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, ஆக்சிலேட்டரைத் திருகினால் எரியும், விட்டால் அகல் விளக்கு. வேலை முடிந்து முதோனிலிருந்து மோல்மேனுக்கு ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் திரும்புவேன், மழைக்காலத்தில் அந்த ரோட்டில் குழி எது, தேங்கின தண்ணீர் எது என்று தெரியாது. அதனால் எல்லை ஊரான மியாவதி வழியாக வந்த தாய்லாந்து எல்இடி ஹெட்லைட் ஒன்றை வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். பேட்டரியிலிருந்து தனி ஒயர், நடுவில் ஃபியூஸ், ரிலே, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். இருட்டியதும் எதிர்வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தேன். டிம்மில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு, வலதுபக்கம் நேராக ஓடி, இடதுபக்கம் கொஞ்சம் மேலே ஏறும், அவ்வளவு அழகு. தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து அந்த வெளிச்சத்தில் நிழல் காட்டி விளையாடினார்கள்.

மூன்றாம் நாள். ரப்பர் தோட்டம் தாண்டி ஒரு வளைவு. எதிரில் ஒரு வேவ் வண்டி, கணவன், மனைவி, முன்னால் கால் வைக்கும் இடத்தில் நின்றுகொண்டு ஒரு பையன், நான்கு வயது இருக்கலாம். நான் டிம்மில்தான் போனேன், சத்தியமாகச் சொல்கிறேன். அந்த மனிதர் ஹேண்டிலிலிருந்து இடது கையை எடுத்தார். தன் கண்ணை மறைக்கப் போகிறார் என்று நினைத்தேன். பையனின் கண்ணைப் பொத்தினார். ஒற்றைக் கையோடு வண்டி ஓரத்துச் சேற்றில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை, தூக்குச்சட்டியில் இருந்த சோறு மட்டும் தண்ணீரில் கொட்டிப்போனது. ஓடிப்போய்த் தூக்கினேன். அவர் திட்டவில்லை. "லைட்டை அணைச்சிடு அக்கோ (அண்ணா), பையன் பயப்படுறான்" என்று பர்மியில் சொன்னார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு மறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

லைட் வாங்கிய இடத்தில் கேட்டேன், எல்இடி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இப்போது மேல்பாதியில் கறுப்பு டேப் ஒட்டி ஓட்டுகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பெகு ரோடு:

அண்ணே, எல்இடியைத் தூக்கிப் போடுங்கள். ஹாலஜனை மிஞ்சி எதுவும் கிடையாது. ஆனால் ஹாலஜனிலும் நான் ஒரு தப்பு செய்தேன், அதைச் சொல்லத்தான் வந்தேன். வண்டியோடு வந்த பல்ப் 35/35 வாட். கார்க்காரர் ஒருவர் கழற்றிப் போட்ட 60/55 வாட் பல்ப் சும்மா கிடைத்தது, அடியில் இருக்கும் காதை அரம் போட்டு ராவி உள்ளே திணித்துவிட்டேன். ஒரு வாரம் ராஜா மாதிரி ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள் சிட்டாங் பாலத்தின் நடுவில் பிளாஸ்டிக் கருகும் வாசம். லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போனேன். பொட்டென்று இருட்டு. கீழே ஆறு, பக்கத்தில் லாரி உரசிக்கொண்டு போகிறது, எனக்குக் கைப்பிடிச் சுவர் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. அந்த லாரியின் பின்னால் இருந்த ஒரே ஒரு சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு சைட்டோ வரை போய்ச் சேர்ந்தேன். காலையில் கழற்றிப் பார்த்தால் ஹோல்டர் உருகி பல்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, ரிஃப்ளெக்டரில் வெள்ளி பூச்சு கறுத்துப் பொரிந்துவிட்டது. அந்த ஒற்றைச் சிவப்பு விளக்கு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைப்பேன்.

முதோன் டீச்சர்:

சிவப்பு விளக்கு என்றதும் எழுத வந்தேன். எனக்கு இந்த ஒயர் விஷயம் எதுவும் தெரியாது, மாற்றியது என் தம்பி. பின்பக்கம் டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் சேர்ந்த விளக்கின் சிவப்புக் கண்ணாடி உடைந்துபோனதால் வெள்ளைக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டி, உள்ளே வெள்ளை எல்இடி பல்ப் போட்டுக் கொடுத்தான். பளிச்சென்று இருக்கிறது அக்கா, தூரத்திலிருந்தே தெரியும் என்றான். நானும் சந்தோஷப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்து டியூஷன் முடிந்து வரும்போது பின்னால் வந்த ஒரு லாரி ரொம்ப நேரம் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பயந்துபோய் டீக்கடையில் ஒதுங்கினேன். லாரியும் நின்றது. அறுபது வயது இருக்கும் டிரைவர் இறங்கி வந்தார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. "மகளே, நீ என்னைப் பார்த்து எதிரே வருகிறாய் என்று நினைத்தேன். ஒதுங்குவாய் ஒதுங்குவாய் என்று பார்த்தேன், நீ அதே இடத்தில் இருக்கிறாய், கிட்டே வரவர விளக்கு பெரிதாகிறது" என்றார். அவர் கண்ணுக்கு நான் ஹெட்லைட். எதிரே வரும் வண்டி விலகும் என்று காத்திருந்தவர், கடைசி நிமிஷத்தில்தான் என் முதுகைப் பார்த்திருக்கிறார். அவருடைய நடுங்கிய கைதான் இப்போதும் கண்ணில் நிற்கிறது. தம்பியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை, மனம் உடைந்துபோவான்.

தவுங்கூ ஒயரிங்:

பெகு தம்பி, எல்இடியைத் தூக்கிப் போடச் சொல்வது சரியில்லை. மோல்மேன் தம்பி, நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை. "வலதுபக்கம் நேராக, இடதுபக்கம் மேலே ஏறும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கோளாறு. தாய்லாந்தில் இடதுபக்கம் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு ரோட்டோரம் இடதுபக்கம், அதனால் ஓரத்தில் நடக்கிற ஆள் தெரிவதற்கு இடதுபக்கம் கோட்டை உயர்த்திச் செய்கிறார்கள். ஜப்பான், இந்தியா எல்லாம் அப்படியே. நாம் 1970 டிசம்பரில் வலதுபக்கத்துக்கு மாறிவிட்டோம். நமக்கு இடதுபக்கம் என்பது எதிரே வருகிறவன் முகம். டிம்மில் போட்டாலும் அந்த ஏறின பகுதி நேராக அவன் கண்ணில் போய்க் குத்தும். டேப் ஒட்டினால் வெளிச்சம் குறையும், கோடு மாறாது. கொஞ்சம் சாய்த்து இறக்கினால் உங்களுக்கு ரோடு தெரியாது. சாமான் நல்ல சாமான்தான், ஆனால் வேறு ஊர் ரோட்டுக்குச் செய்தது. சீனாவில் வலதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், அந்த ஊர் ரோட்டுக்கென்று செய்த லைட்டில் கோடு வலதுபக்கம் ஏறும், அது நமக்குப் பொருந்தும். தாய்லாந்து என்றால் உசத்தி, சீனா என்றால் மட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம், ஹெட்லைட்டில் அது எதிரே வருகிறவனைத்தான் படுத்துகிறது. இரண்டு பக்கமும் சமமாகக் கோடு விழுகிற லைட்டும் உண்டு, சின்ன வண்டிகளில் பெரும்பாலும் அதுதான் வரும், அதில் இந்தத் தொல்லை இல்லை.

என் கதை சின்னது. பழைய மண்டலே ரோட்டில் விளக்கில்லாத மாட்டு வண்டியில் மோதி முழங்கால் போனது. மாட்டின் கண் இரண்டும் என் லைட்டில் மின்னியதைப் பார்த்தேன், பார்த்தபோது பிரேக் பிடிக்க இடமில்லை. அன்று என் லைட் மங்கலாக இருந்ததற்குக் காரணம் பல்ப் இல்லை, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் எர்த் ஒயர். அதனால்தான் கேட்காமலே சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புது லைட் வாங்குமுன் பழைய லைட்டுக்குக் கரண்ட் முழுதாகப் போகிறதா பாருங்கள். லைட் எரியும்போது வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பல்பின் எர்த் ஒயரிலும் இன்னொரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். கிட்டத்தட்ட சுழி காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது, கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். பல்புக்குப் போகும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும், ஹாலஜன் அப்படிப்பட்ட சாமான். நம் மழையில் எர்த் துருப்பிடிக்காத வண்டியே கிடையாது. ஆக்சிலேட்டரை விட்டால் மங்குகிற வண்டி என்றால் ஹெட்லைட் எஞ்சினில் கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து நேராக ஏசி கரண்டில் எரிகிறது, மீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். அந்த லைனில் எல்இடி போட்டால் படபடவென்று துடிக்கும், சீக்கிரம் செத்துப்போகும். பேட்டரி லைனுக்கு மாற்றினால் துடிப்பு நிற்கும், ஆனால் மெதுவாக ஓட்டும் ஆட்களுக்குப் பேட்டரி இறங்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பல்ப் மட்டும் எல்இடி போடுகிறவர்கள் இன்னொன்று பாருங்கள். ஹாலஜனில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு கிண்ணம் மாதிரி இருக்கும், மேலே போகிற வெளிச்சத்தை அதுதான் தடுக்கிறது. எல்இடி பல்பில் அது சரியான இடத்தில் இல்லாவிட்டால் கோடே விழாது, வெளிச்சம் சிதறும். அதில் வெளிச்சம் தருகிற சின்னச் சில்லுகள் மேலும் கீழும் பார்க்கக் கூடாது, இடதும் வலதும் பார்க்க வேண்டும். சுவரில் பார்க்கும்போது வண்டியைச் ஸ்டாண்டில் போட்டுப் பார்க்காதீர்கள், நீங்கள் ஏறி உட்கார்ந்து, யாரையாவது பின்னால் வைத்துக்கொண்டு போகிறவர் என்றால் அவரையும் உட்கார வைத்துப் பாருங்கள். ஐந்து மீட்டர் தூரத்தில் கோடு லைட்டின் நடு உயரத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும்.

டீச்சரம்மா, பின்னால் சிவப்புக் கண்ணாடிதான், வேறு பேச்சே கிடையாது. உள்ளே எல்இடி போடுவதானால் சிவப்பு எல்இடி. வெள்ளையைச் சிவப்புக் கண்ணாடிக்குள் வைத்தால் பாதிக்கு மேல் வெளிச்சம் கண்ணாடியிலேயே நின்றுவிடும். தம்பியைத் திட்டாதீர்கள், எல்இடி போட நினைத்தது நல்ல யோசனை. பழைய 21/5 வாட் பல்பில் இழை சூடாகி எரிய ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும், எல்இடி உடனே எரியும். எண்பதில் வருகிற லாரிக்கு அது நான்கு மீட்டருக்கும் மேல்.

பெகு ரோடு:

ஐயா, இவ்வளவு எழுதினீர்கள், என் ஹோல்டர் உருகியதற்கு என்ன சொல்கிறீர்கள்? எர்த் நன்றாகத்தான் இருந்தது.

தவுங்கூ ஒயரிங்:

35 வாட்டுக்குச் செய்த ஒயரில், ஹோல்டரில் 55 வாட்டை ஓட்டினால் உருகாமல் என்ன செய்யும் தம்பி? காயிலாலும் அதைத் தாங்க முடியாது. ஹாலஜன்மீது தப்பில்லை, எல்இடிமீதும் தப்பில்லை. காதை ராவி உள்ளே திணிக்க வேண்டியிருந்தது என்றாலே அது அந்த இடத்துக்கு உரிய பல்ப் இல்லை.

மண்டலே பையன்:

எல்லோரும் ஹெட்லைட் பற்றியே பேசுகிறீர்கள். நான் பிரேக் லைட்டுக்குச் சிவப்பு எல்இடிதான் போட்டேன், கண்ணாடியும் சிவப்புதான், ஐயா சொன்னபடி எல்லாம் சரி. அப்படியும் நடந்தது. மாட்டும்போது பிரேக் மிதியில் இருக்கும் சுவிட்சின் ஸ்பிரிங்கை ரொம்ப இழுத்துக் கட்டிவிட்டேன் போல. நானும் கூட்டாளியும் மெய்த்திலாவிலிருந்து இரண்டு வண்டியில் வருகிறோம், அவன் பின்னால். சௌசே தாண்டி ஒரு நாய் குறுக்கே ஓடியது, பிரேக் பிடித்தேன், அவன் வந்து என்மேல் மோதினான். கை உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு அவன் சொன்னான்: "மெய்த்திலாவிலிருந்து நீ பிரேக் பிடிச்சுக்கிட்டேதான் வந்தே. அம்பது மைல் பார்த்தேன். அப்புறம் அந்த லைட்டைப் பார்க்கிறதையே விட்டுட்டேன்." எனக்குப் பதில் வரவில்லை.

ஐயா, நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதினீர்கள், மாட்டி முடித்த பின் ஒரு ஆளைப் பின்னால் நிறுத்தி, மிதியை விட்டும் அழுத்தியும், முன்பிரேக்கையும் தனியாகப் பிடித்தும் பார்க்கச் சொல்லவில்லையே. அதை நான் சொல்கிறேன்.

தவுங்கூ ஒயரிங்:

சரி தம்பி. நான் விட்டுவிட்டேன். கூட்டாளி கை எப்படி இருக்கிறது?

மண்டலே பையன்:

கட்டு பிரித்தாகிவிட்டது. வண்டி ஓட்டுகிறான். என் பின்னால் வரமாட்டான், எப்போதும் முன்னால்தான் போகிறான்.

மோல்மேன் வாசி:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி சோதித்துப் பார்த்தேன். டேப்பைக் கழற்றி மச்சானிடம் வண்டியைக் கொடுத்து, டிம்மில் போட்டு எதிரே வரச் சொன்னேன். நான் அவனுடைய வண்டியில், வலது ஓரமாக, அந்த மனிதர் வந்த மாதிரி மெதுவாகப் போனேன். ஐம்பது அடி இருக்கும்போது ரோடு காணாமல் போனது. என் ஹேண்டிலே எனக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வண்டியை நிறுத்திவிட்டேன். மச்சான் கிட்டே வந்து "என்ன, பார்த்தாச்சா" என்கிறான், அவன் முகம் தெரிய ரொம்ப நேரம் ஆனது. நான்கு வயதுக் கண் அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்.

இரவோடு இரவாகப் பழைய லைட்டைத் திரும்ப மாட்டினேன். ஐயா சொன்ன எர்த்தையும் பார்த்தேன், 1.6 வோல்ட் காட்டியது. போல்ட்டைக் கழற்றினால் பச்சையும் பழுப்புமாகப் பூத்துக்கிடக்கிறது. தேய்த்து, புது ஒயர் வைத்து இறுக்கினேன். எல்இடி மாதிரி இல்லைதான், ஆனால் குழி தெரிகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் போல்ட்டைக் கழற்றியிருக்கலாம். தாய்லாந்து லைட்டை யாருக்கும் விற்கப்போவதில்லை, இந்த ஊரில் யார் வாங்கினாலும் அதே ரோட்டில்தான் ஓட்டுவார்.

டீச்சரக்கா, எர்த் ஒயர் வாங்கப் போன இடத்தில் சிவப்புக் கண்ணாடியும் சிவப்பு எல்இடி பல்பும் கிடைத்தன, உங்கள் வண்டி எது என்று சொல்லுங்கள். முதோனுக்குத் தினமும் வருகிறவன்தானே, பள்ளிக்கூட வாசலில் கொடுத்துவிடுகிறேன். தம்பியே மாட்டட்டும்.