குளிர்காலத்தில் அனாபொலிஸிலிருந்து பஹாமாஸுக்குப் பாய்மரப்படகில்: உள்வழியா, வெளிக்கடலா?

கேள்வி: வடகரையான்

வணக்கம். நண்பர் ஒருவர் தம்முடைய 40 அடிப் பாய்மரப்படகை மேரிலாந்தின் அனாபொலிஸிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்குக் கொண்டுசெல்கிறார். துணைக்கு என்னையும் அழைத்திருக்கிறார். நவம்பர் முதல் வாரத்தில் புறப்பட்டுக் கிறிஸ்துமஸுக்குள் அங்கே சேர்ந்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். செசபீக் விரிகுடாவில் கோடைக்காலங்களில் பாய் விரித்துப் பழகியிருக்கிறேனே தவிர, நீண்ட பயணம் எதுவும் சென்றதில்லை. படகின் அடிப்பகுதி நீருக்குள் 5 அடி இறங்கும். பாய்மரத்தின் உச்சி நீர்மட்டத்திலிருந்து 58 அடி. நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை கரையை ஒட்டிச் செல்லும் உள்நீர்வழியில் போவதா, வெளிக்கடலில் இறங்குவதா என்று இருவருக்கும் முடிவு எட்டவில்லை. என்னென்ன இடர்கள் நேரும், அவற்றுக்கு ஈடாக அப்பயணத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சென்று வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: நெய்தல் நாடன்

உள்வழியிலேயே தொடங்குங்கள். நவம்பரில் முதன்முறை செல்பவர்களை வட கரோலினாவின் ஹாட்டெராஸ் முனையைச் சுற்றி வெளிக்கடலில் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி விரைந்தோடும் அவ்விடத்தில், குளிர் வளிமுகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்ததும் வாடைக்காற்று எதிர்த்து வீசினால், அலைகள் செங்குத்தாக எழுந்து ஒன்றன்மேல் ஒன்றாக வரும். 'அட்லாண்டிக்கின் இடுகாடு' என்று அக்கரைக்குப் பெயர் வந்ததற்கு அங்கே மூழ்கிய கப்பல்களே காரணம்.

உள்வழி ஏறத்தாழ 1,090 மைல். பாய்மரப்படகு என்று பெயர்தானே ஒழிய, அதில் பெரும்பகுதி இஞ்சினில்தான் ஓட வேண்டியிருக்கும்; ஆகவே இடர்களும் பெரும்பாலும் இஞ்சினிலேயே தொடங்குகின்றன. ஆல்பமார்ல் நீர்ப்பரப்பு ஆழம் குறைந்தது. காற்று எழுந்தால் படகு குலுங்கி, டீசல் தொட்டியின் அடியில் படிந்த கசடு கலங்கி வடிகட்டியை அடைத்துவிடும். மாற்று வடிகட்டிகளையும், கடல்நீரை உள்ளிழுக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லரையும் (சுழலும் இறக்கைச் சக்கரம்) கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இருளிலும் மாற்றத் தெரியும் வரை பழகிக்கொள்ளுங்கள். நண்டுக்கூடுகளின் கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் டிசம்பர் நீரில் யாராவது ஒருவர் இறங்கியாக வேண்டும் என்பதால், முன்தளத்தில் ஒருவர் கண் வைத்திருப்பது நல்லது.

தரைதட்டுவது எல்லோருக்கும் நேர்வதே. ஜார்ஜியாவில் ஓதம் 7 முதல் 9 அடி வரை ஏறி இறங்கும். லிட்டில் மட் ரிவர், ஹெல் கேட் போன்ற ஆழமற்ற இடங்களைப் பாதி ஏற்றத்துக்குப் பிறகே கடந்தால், தட்டினாலும் பெருகிவரும் நீரே தூக்கிவிடும். வற்றத்தில் தட்டினாலோ, அடுத்த பெருக்கு வரும் வரை சேற்றில் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான்.

ஈடு என்ன என்று கேட்டீர்கள். 1805-இல் திறக்கப்பட்ட டிஸ்மல் சுவாம்ப் கால்வாயில், பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் நீர் கிடக்க, இருபுறமும் மரங்கள் நெருங்கி நிற்கும். (அந்தக் கறை படகின் முகப்பில் மீசையைப் போலப் படியும், அதைத் தேய்த்து எடுக்க ஆக்ஸாலிக் அமிலம் வேண்டும்.) வட கரோலினாவில் துருவப்பகுதியிலிருந்து குளிர்காலத்துக்கு வந்திறங்கும் அன்னங்களைக் காணலாம். தெற்கே சதுப்புக் கழிகளில் ஓங்கில்கள் (டால்பின்கள்) கூட்டாக மீன்களைச் சேற்றுக்கரைக்கு விரட்டி, தாமும் பாதி உடலைக் கரையேற்றிப் பிடித்துத் தின்பதைப் படகிலிருந்தே பார்க்கலாம். கம்பர்லாந்து தீவில் நங்கூரமிட்டு ஒரு நாளாவது தங்குங்கள். குதிரைகள் கட்டின்றித் திரியும் இடம் அது.

மறுமொழி: கடற்புறா

ஹாட்டெராஸைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வட கரோலினாவின் போஃபோர்ட்டைத் தாண்டியபின்னும் உள்வழியிலேயே அடங்கிக் கிடப்பது, பாய்மரப்படகு வைத்திருப்பதன் பயனையே இழப்பதாகும். காற்று மேற்கிலோ வடமேற்கிலோ மிதமாக நிலைத்திருக்கும் நாளாகப் பார்த்து வெளியே இறங்கினால், சார்ல்ஸ்டன் வரை சுமார் 200 கடல்மைலை ஒன்றரை நாளில் கடக்கலாம். உள்வழியில் அதற்கு வெகுநாள் பிடிக்கும். பாலத்துக்குப் பாலம் காத்திருக்கும் தொல்லையும் இல்லை. கரையின் ஒளி மறைந்தபின், படகின் பின்னே நீர் பச்சையாய் மின்னிக்கொண்டு வருவதைப் பார்த்தபடி சுக்கான் பிடிக்கும் இரவுக்காவலை நான் எந்த விடுதி அறைக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இருவர் மட்டும் மாறிமாறிக் காவலிருப்பது களைப்பைத் தரும். ஆகவே முதல் தாவலை ஓர் இரவுக்கு மேல் நீட்டாதீர்கள். ஜார்ஜியா, ஃபுளோரிடா கரைக்கு அப்பால் குளிர்காலத்தில்தான் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் கன்று ஈனுகின்றன. அவற்றிலிருந்து 500 கெஜம் விலகியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

வடகரையான்

இருவருக்கும் மிக்க நன்றி. போஃபோர்ட் வரை உள்ளே, பிறகு வாய்ப்புப் பார்த்து வெளியே என்பது நண்பருக்கும் உவப்பாக இருக்கிறது. ஃபுளோரிடாவிலிருந்து பஹாமாஸுக்குக் கடப்பதைப் பற்றியும், படகுக்குள் குளிரைச் சமாளிப்பதைப் பற்றியும் சொல்ல இயலுமா?

மறுமொழி: பாய்மரத்தான்

முதலில் உங்கள் பாய்மரத்தின் உயரம். உள்வழியின் நிலையான (படகுக்காகத் திறக்காத) பாலங்கள் பெரும்பாலும் 65 அடி உயரமுள்ளவை. மயாமியின் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடிதான். எனவே ஃபோர்ட் லாடர்டேலிலேயே நீங்கள் கடலுக்கு வந்துவிட வேண்டும்.

மயாமியிலிருந்து பிமினி சுமார் 50 கடல்மைல். இடையில் நீரோட்டம் படகை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால், இயன்ற அளவு தெற்கிலிருந்து புறப்பட்டு, பிமினிக்குத் தெற்கே முகம் வைத்துச் செல்லுங்கள். காற்றில் வடக்கு சிறிதும் கலந்திருக்கக் கூடாது. வாடை அடங்கிய பிறகும் அலை அடங்க ஒரு நாளாவது விடுங்கள். குளிர் வளிமுகங்கள் அடுத்தடுத்து வரும் பருவத்தில் இதற்காக ஃபுளோரிடாவில் வாரக்கணக்கில் காத்துக் கிடக்கும் படகுகள் பல. கிறிஸ்துமஸ் கணக்கை நண்பர் இப்போதே கைவிடட்டும். ஊர் திரும்பும் விமானச்சீட்டையும் எடுத்துவிடாதீர்கள். கடந்துவிட்டாலோ, பஹாமா மேட்டில் (தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற கடற்பரப்பு) கண்ணுக்கெட்டிய தூரம் கரையே தெரியாத இடத்தில், நங்கூரம் மணலில் பதிந்திருப்பதைத் தளத்தில் நின்றே பார்க்கும் அளவுக்குத் தெளிந்த நீரில் இரவு தங்கலாம்.

குளிருக்குக் கம்பளி உள்ளாடையும், நீர் புகாத மேலுடையும், கையுறை இரண்டு இணைகளும் போதும். சார்ல்ஸ்டனைத் தாண்டினால் ஒவ்வொன்றாகக் குறையும். எரிவாயு அடுப்பை ஏற்றிவைத்து அறையைச் சூடாக்க மட்டும் முனையாதீர்கள். மூடிய படகில் கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே கொன்றுவிடும். அதற்குரிய எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறையில் பொருத்திய பிறகே புறப்படுங்கள்.