பெண்கள் ஐக்கியத்தை நடத்த அடுத்தவர்களை எப்படிப் பயிற்றுவிப்பது?

கர்த்தருக்குள் அன்பான சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். திருப்பூரில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் தையல், செக்கிங், பேக்கிங் வேலை செய்கிறவர்கள். உள்ளம் உருகி ஜெபிக்கும் இவர்கள், ஒரு வேதபகுதியை விளக்கச் சொன்னால், "அக்கா, நாங்க அவ்வளவு படிக்கலைங்க, நீங்களே சொல்லிடுங்க" என்று பின்வாங்குகிறார்கள். கடந்த லெந்து காலத்திலிருந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), மாமியாரின் உடல்நிலையால் நான் வர இயலாத வாரங்களில் கூட்டமே நடப்பதில்லை.

சனிக்கிழமை சம்பள நாள் என்பதால், கூட்டத்தை ஞாயிறு ஆராதனைக்குப் பின் மாற்றினோம். வருகை கூடியதே தவிர, பொறுப்பேற்க யாரும் முன்வரவில்லை. முறைவைத்துக் குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். அப்படியே வாசித்துவிட்டு அமர்ந்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவுகளை, ஓவர்டைம் முடித்துக் களைத்து வருகிறவர்களால் கேட்க முடியவில்லை.

ஒருநாள் மட்டும் வேறுவிதமாக அமைந்தது. அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில், இரத்தாம்பரம் என்னும் சாயமேற்றிய விலையுயர்ந்த துணியை விற்ற லீதியாள் விசுவாசித்தபின் பவுலையும் உடன்வந்தவர்களையும் தன் வீட்டில் தங்கும்படி வருந்திக் கேட்டுக்கொண்டதைப் படித்தபோது, அதுவரை வாய்திறவாத ஓவர்லாக் தையல்காரச் சகோதரி ஒருவர், சாயத்தையும் துணி வியாபாரத்தையும் தம் அனுபவத்திலிருந்தே அழகாக விளக்கினார். திறமை இல்லாமல் இல்லை என்பதை அன்று உறுதியாக அறிந்தேன். முதிர்வயதுள்ள பெண்கள் இளம்பெண்களுக்குக் கற்பிக்கும்படி தீத்து 2ஆம் அதிகாரம் சொல்லும் பொறுப்பு, இவர்களுக்கும் உரியதல்லவா?

அதிகம் படிக்காத, நேரமும் குறைவாக உள்ள உழைக்கும் பெண்களை வேதபாடம் நடத்தும் அளவுக்குப் படிப்படியாகப் பயிற்றுவித்தவர்கள், எந்த முறையில் தொடங்கினீர்கள் என்று சொல்ல முடியுமா?